வலித்தால் நிறுத்தலாம்

கிரேடு பரீட்சை நெருங்கும் மாதங்களில் பியானோ வகுப்புகளில் ஒரு பேச்சு காதில் விழும்: “கை வலிக்குதா? அப்போ பிராக்டிஸ் ஒழுங்கா நடக்குதுன்னு அர்த்தம்.” சொல்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தங்கள் ஆசிரியரிடம் கேட்டதைத் திருப்பிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் இது எத்தனையோ நல்ல கைகளைக் கெடுத்த நம்பிக்கை. பியானோ வாசித்தால் அலுப்பு வரலாம். ஓய்வெடுத்தால் அது போய்விடும். வலி வேறு. வலி வந்ததும் கையை எடுத்துவிடும் உரிமை எட்டு வயதுக் குழந்தைக்கும் உண்டு. அதைக் கெஞ்சிக் கேட்டுப் பெற வேண்டிய நிலை எந்த வகுப்பிலும் இருக்கக் கூடாது.

வலி ஏன் தேவையில்லை என்பதற்கு விடை அந்தக் கருவிக்குள்ளேயே இருக்கிறது. பியானோவின் ஒரு கட்டை அழுந்தும் ஆழம் சுமார் 10 மில்லிமீட்டர். அதை இறக்க ஏறத்தாழ 50 கிராம் எடை போதும். கட்டை அடியைத் தொடுவதற்குச் சற்று முன்பே உள்ளே இருக்கும் சுத்தியல் பிடியிலிருந்து விடுபட்டு, தானாகப் பாய்ந்து கம்பியைத் தட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் அந்த ஒலி கூடாது, குறையாது. ஸ்வரம் நீள வேண்டுமென்றால் கட்டை மேலெழாதபடி விரல் அதன்மேல் கிடந்தால் போதும். ஆனால் பெரும்பாலான மாணவர்கள் ஒலி பிறந்த பிறகும் கட்டையை நசுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த அழுத்தம் இசைக்கு உதவுவதில்லை. மணிக்கட்டுக்கும் முன்கைக்கும்தான் சுமையாகிறது.

விரல்களை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீளும் தசைநாண்கள் மணிக்கட்டின் குறுகிய வழியாகப் புகுந்து விரல்களை இழுக்கின்றன. மணிக்கட்டைப் பள்ளமாகத் தாழ்த்தியோ, உயரத் தூக்கியோ, சுண்டுவிரல் பக்கம் ஒடித்தோ வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வாசித்தால் அந்த வழியில் உராய்வும் வீக்கமும் வரும். மோதிரவிரலுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. புறங்கையில் அதன் தசைநாண் அக்கம்பக்கத்து விரல்களின் நாண்களோடு இணைந்திருப்பதால், மற்ற விரல்களை அழுத்தி வைத்துக்கொண்டு அதை மட்டும் தனியாக உயரத் தூக்க உடல் இடம் கொடுக்காது. இதைச் சோம்பலாகவோ பலவீனமாகவோ நினைத்து ‘விரல் சுதந்திரம்’ என்ற பெயரில் குழந்தையின் மோதிரவிரலோடு மல்லுக்கட்டும் பயிற்சிகள் இன்னும் நடக்கின்றன.

இந்த மல்லுக்கட்டு பழையது. 1814-ல் லோஜியர் என்பவர் கைகளைச் சட்டத்துக்குள் பூட்டி வைத்து வாசிக்கக் கற்றுத்தரும் ‘கைரோபிளாஸ்ட்’ கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1830-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ராபர்ட் ஷூமன் விரலை வலுப்படுத்த ஒரு கருவியைப் பயன்படுத்தினார். வலது கை கெட்டது. பியானோ கலைஞராகும் கனவு அங்கேயே முடிந்தது. அந்தக் கருவிதான் காரணமா, அல்லது மூளையோடு தொடர்புடைய டிஸ்டோனியா என்னும் கோளாறா என்று மருத்துவர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். அவர் பிறகு இசையமைப்பில் உயர்ந்தார் என்பது உண்மை. ஆனால் கையை இழந்த எல்லோருக்கும் அப்படி ஒரு மாற்று வாழ்க்கை வாய்க்காது.

டிஸ்டோனியாவைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஊரில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. அமெரிக்கரான லியோன் பிளைஷர் 1952-ல் பிரஸ்ஸல்ஸ் நகரின் எலிசபெத் அரசி போட்டியில் முதல் பரிசு பெற்றவர். 1964-ல், முப்பத்தைந்து வயதைத் தாண்டியிருந்தபோது, அவருடைய வலது கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் தாமாக உள்ளங்கைக்குள் மடங்கத் தொடங்கின. நோயின் பெயர் தெரியவே பல ஆண்டுகள் ஆயின. இடையில் இடது கைக்கென்று எழுதப்பட்ட இசையை வாசித்தார், வாத்தியக்குழுக்களை நடத்தினார், பாடம் சொல்லிக்கொடுத்தார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு போடாக்ஸ் ஊசியும் ஆழ்தசை மசாஜும் கைகொடுத்தன. 2004-ல் ‘டூ ஹேண்ட்ஸ்’ என்ற இசைத்தட்டோடு இரு கைகளாலும் திரும்பி வந்தார். அப்போதும் முழுக் குணம் அடையவில்லை, ஊசி தொடர்ந்தது. வெறிகொண்டு செய்த மிகைப் பயிற்சியைப் பற்றி அவரே மாணவர்களை எச்சரித்துவந்தார்.

இந்த நோயில் பொதுவாக வலி இருக்காது. சோறு பிசையலாம், சட்டைப் பித்தான் போடலாம், பேனா பிடிக்கலாம். பியானோ முன் உட்கார்ந்தால் மட்டும் விரல் சொன்னபடி கேட்காது. மூளையில் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டிய இடங்கள் ஒன்றோடொன்று கலங்கிவிடுவது இதன் ஒரு கூறு என்று மூளைப் படங்கள் காட்டியிருக்கின்றன. தொழில்முறை இசைக் கலைஞர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு இது வருவதாக மதிப்பிடுகிறார்கள். விரல் மடங்கத் தொடங்கியதும் பெரும்பாலோர் செய்வது, பயிற்சியை இரட்டிப்பாக்குவது. செய்யக் கூடாத காரியம் அதுதான்.

கையின் கதை இப்படி மூளையின் கதையாகவும் ஆகிவிடுகிறது. நாம் வாசிக்கும் ஒவ்வொரு முறையும் ஸ்வரங்களோடு சேர்த்து இறுகிய தோளையும், கடித்த பல்லையும், பிடித்து வைத்த மூச்சையும் மூளை பதிந்துகொள்கிறது. நூறு முறை இறுக்கத்தோடு வாசித்த பகுதி மேடையில் இறுக்கத்தோடுதான் வரும். கவனித்துச் செய்யும் பயிற்சிக்கு உள்ள பலத்தை 1995-ல் அல்வாரோ பாஸ்குவல்-லியோன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஐந்து விரல் பயிற்சி ஒன்றை ஒரு பிரிவினர் ஐந்து நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் கையை அசைக்காமல் மனத்துக்குள் மட்டும் வாசித்தார்கள். விரல்களை இயக்கும் மூளைப் பகுதியில் இரு பிரிவினருக்கும் ஒத்த மாற்றம் தெரிந்தது. விரல் திறமையில் மனப்பயிற்சிக்காரர்கள் சற்றுப் பின்தங்கினாலும், ஒருமுறை கருவியில் பயின்றதும் அந்த இடைவெளி பெரிதும் மறைந்தது. வால்டர் கீஸ்கிங் என்ற பெரும் கலைஞர், தம் ஆசிரியர் கார்ல் லைமரிடம் பயின்ற முறையில், பியானோவைத் தொடாமல் இசைத்தாளைப் படித்தே பாடங்களை மனத்தில் ஏற்றிக்கொண்டவர். கை ஓய்வெடுக்கும் நேரத்தில் பாடம் வளரும் என்பதைப் பரீட்சை வாரத்தில் பதறும் பெற்றோர்கள் அறிந்திருந்தால் எத்தனையோ மணிக்கட்டுகள் பிழைக்கும்.

நடைமுறையில் எப்படிச் செய்வது? சின்னப் பகுதி ஒன்றை எடுங்கள். முதலில் கண்ணால் படித்து, காதுக்குள் கேளுங்கள். பிறகு மெதுவாக வாசியுங்கள். முடிவில் நிறுத்தி, தாடை இறுகியிருக்கிறதா, தோள் காதை நோக்கி ஏறியிருக்கிறதா, மூச்சு ஓடுகிறதா என்று பாருங்கள். பெருவிரல் சும்மா இருக்கும்போதும் விறைத்து நிற்கிறதா என்றும் பாருங்கள். அங்கேதான் இறுக்கம் முதலில் ஒளிந்துகொள்ளும். எங்கே இறுக்கமோ அங்கே வேகத்தைக் குறையுங்கள். 25, 30 நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்துவிடுங்கள். பல காயங்கள் வருவது பயிற்சி நேரம் திடீரென்று கூடும்போதுதான்: நாளுக்கு ஒரு மணி நேரம் வாசித்த குழந்தை ஒரே வாரத்தில் மூன்று மணி நேரத்துக்குத் தாவும்போது.

உட்காரும் முறை பற்றி வீட்டிலேயே செய்யக்கூடியது நிறைய உண்டு. நம் வீடுகளில் கீபோர்டு கட்டில் மேலோ சாப்பாட்டு மேசை மேலோ கிடக்கிறது. குழந்தை குனிந்தோ எம்பியோ வாசிக்கிறது. விரல்களைக் கட்டைமேல் வைத்தால் முழங்கை கட்டையின் மட்டத்திலோ சற்று மேலோ இருக்க வேண்டும். உயரம் மாற்றக்கூடிய ஸ்டாண்டு வாங்குவது வீண் செலவு இல்லை. கால் தரையை எட்டாவிட்டால் பாதத்தின் கீழ் ஒரு மணையைப் போடுங்கள். தொங்கும் கால்களோடு இருக்கும் குழந்தை சமநிலைக்காக முதுகையும் தோளையும் இறுக்கிக்கொள்ளும்.

கையின் அளவும் ஒரு நியாயப் பிரச்சினை. வழக்கமான பியானோவில் ஓர் ஆக்டேவின் அகலம் சுமார் 165 மில்லிமீட்டர். அது சிறிய கைகளை, அதாவது குழந்தைகளையும் பல பெண்களையும், மனத்தில் வைத்து வகுத்த அளவு இல்லை. ஜோசப் ஹாஃப்மன் போன்ற பியானோ மேதைக்கே ஸ்டைன்வே நிறுவனம் குறுகிய கட்டைகள் கொண்ட பியானோ செய்து கொடுத்தது. எட்டாத ஸ்வரக்கூட்டை நீட்டி நீட்டிப் பிடிக்கச் சொல்வது காயத்துக்கு நேர்வழி. நம் ஊர்க் குழந்தைகள் எழுதும் ஏ.பி.ஆர்.எஸ்.எம். கிரேடு தேர்வின் விதிகள், கை எட்டாத இடங்களில் இசை கெடாதவாறு ஸ்வரக்கூட்டைப் பிரித்து வாசிக்கவோ ஓரிரு ஸ்வரங்களை விடவோ இடம் தருகின்றன. ஆசிரியர் சொல்லவில்லை என்றால் பெற்றோர் கேளுங்கள். உடற்குறை உள்ள தேர்வர்களுக்குத் தனி ஏற்பாடுகளும் உண்டு; முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும்.

தேர்வு என்றால் நடுக்கமும் கூடவே வரும். மேடை நடுக்கத்துக்குப் புரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரையைக் கைமாற்றாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இசை உலகில் உண்டு. ஆஸ்துமா உள்ளவருக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுக்காமல் அதைத் தொடாதீர்கள்.

இனி மருத்துவம். இரவில் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய்த் தூக்கம் கலைந்தால் அது மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதன் அறிகுறியாக இருக்கலாம். பெருவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரமாகச் சுளீரென்றால் அங்கே தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். இரண்டுக்குமே தொடக்கத்தில் ஓய்வு, மணிக்கட்டுப் பட்டை, பிசியோதெரபி என்ற எளிய வழிகள் இருக்கின்றன. தள்ளிப்போட்டால்தான் ஊசி, அறுவை என்று நீளும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே சிகிச்சை, மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. கோவை கங்கா மருத்துவமனையும் கை அறுவையில் பெயர் பெற்றது. வலியில்லாமல் விரல் மடங்கினால் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். கருவி முன்தான் கோளாறு தெரியும் என்பதால், வாசிக்கும்போது எடுத்த வீடியோவையும் கொண்டுபோங்கள். அலெக்சாண்டர் முறை, டாப்மன் முறை போன்றவை உடலைக் கவனிக்கக் கற்றுத்தருகின்றன, பலருக்குப் பயன்பட்டிருக்கின்றன. ஆனால் நோயைக் கண்டறிவது மருத்துவரின் வேலை. ‘எங்கள் முறையில் எல்லாம் குணமாகும்’ என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

வலி பயிற்சியால் மட்டும் வருவதில்லை. பென்சிலால் விரல்முட்டியில் தட்டுவது இன்றும் சில வகுப்புகளில் ‘கண்டிப்பு’ என்று பெயர் பெறுகிறது. தன் பொறுப்பில் உள்ள குழந்தையைத் தாக்கித் துன்புறுத்துவது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 75-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைக்கு இடமுள்ள குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

பெரியவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இன்னும் மெலிது. ஜெர்மனி 2017 ஆகஸ்ட் 1 முதல் இசைக் கலைஞர்களின் டிஸ்டோனியாவைத் தொழில்நோயாக ஏற்று இழப்பீட்டுக்கு வழி செய்திருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2010-ஆம் ஆண்டுப் பட்டியலில், கையைத் திரும்பத் திரும்ப அசைப்பதால் வரும் தசைநாண் வீக்கமும் மணிக்கட்டு நரம்பு அழுத்தமும் உள்ளன. நம் நாட்டில் 2025 வரை நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய் அட்டவணையில் இசைக் கலைஞரின் கைக்கென்று ஒரு வரியும் இருக்கவில்லை. திரைப்பட ஒலிப்பதிவில் கீபோர்டு வாசிப்பவர்கள், தேவாலய ஆர்கன் கலைஞர்கள், நாள் முழுக்க வகுப்பெடுக்கும் பியானோ ஆசிரியர்கள் ஆகியோரின் பிழைப்பே அந்தக் கையில்தான் இருக்கிறது. சென்னையில் சினி மியூசிசியன்ஸ் யூனியன் இருக்கிறது; அதுபோன்ற சங்கங்கள் இந்தக் கோரிக்கையைக் கையில் எடுக்க வேண்டும். கோரிக்கைக்குச் சான்று தேவைப்படும். அதனால் கை வலிக்கென்று மருத்துவரிடம் போகும்போது உங்கள் தொழில் என்ன, நாளுக்கு எத்தனை மணி நேரம் வாசிக்கிறீர்கள், கோளாறு எப்போது தொடங்கியது என்பதைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லி, பிரதி ஒன்றைப் பத்திரப்படுத்துங்கள்.