பீர்தானே... அதுல என்னங்க இருக்கு?

ஆரணியில் பட்டுப் புடவை எடுக்கப் போனால், 'இது கைத்தறிதானே?' என்று நாலு தடவை கேட்காமல் யாரும் பணத்தை எடுப்பதில்லை. அந்தக் 'கை'க்குத்தான் விலை! அதே 'கை' இப்போது இன்னொரு சரக்கையும் விற்றுக் கொடுக்கிறது. பெயர், 'கிராஃப்ட் பீர்'. அதாவது, கைவினை பீர்!

பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளை லீவுக்கு வந்தால், 'பிராந்தி, விஸ்கி மாதிரி இல்லம்மா. வெறும் பார்லித் தண்ணி. கெமிக்கல் கிடையாது' என்கிறான். அம்மாவும் பார்லிக் கஞ்சியை நினைத்துக்கொண்டு சும்மா இருந்து விடுகிறாள்.

கைவினை வந்த கதை

1965-ல் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் மூடும் நிலையில் இருந்த 'ஆங்கர்' பீர் ஆலையை ஃபிரிட்ஸ் மேடாக் என்ற இளைஞர் வாங்கினார். சின்னச் சின்ன ஆலைகளுக்கு அவர்தான் முன்னோடி. நம் நாட்டில் 2009-ல் புனேயில் 'டூலாலி' வந்தது. 2010-ல் பெங்களூரில் 'டாய்ட்'. 2015-ல் குரங்குப் படம் போட்ட 'பீரா 91'. ஆரம்பத்தில் அது தயாரானது பெல்ஜியத்தில்!

'சின்ன ஆலை, சுத்தமான சரக்கு' என்பதுதான் வியாபார மந்திரம். ஆனால், சிகாகோவின் புகழ்பெற்ற 'கூஸ் ஐலண்ட்' ஆலையை 2011-ல் வாங்கியது, உலகின் மிகப் பெரிய பீர் கம்பெனி. கை மாறியது, லேபிள் மாறவில்லை.

இங்கே டி.வி.யில் மது விளம்பரம் கூடாது என்று 2000-ல் கேபிள் டி.வி. விதிகளைத் திருத்தினார்கள். உடனே அதே பெயரில் சோடா வந்தது, தண்ணீர் பாட்டில் வந்தது, காலண்டர் வந்தது. பெயர் மனசில் பதிந்தால் போதாதா?

கணக்குப் போடலாமா?

650 மி.லி. பாட்டில். ஸ்ட்ராங் பீர் என்றால் 8 சதவீதம் வரை ஆல்கஹால். கணக்குப் போட்டால் 52 மி.லி., எடையில் சுமார் 41 கிராம். 30 மி.லி. விஸ்கியில் இருப்பது சுமார் 10 கிராம். ஆக, ஒரு பாட்டில் ஸ்ட்ராங் பீர், நாலு பெக் விஸ்கிக்குச் சமம்! 5 சதவீத பீர் என்றாலும் இரண்டரை பெக்.

கல்லீரலுக்குக் கைவினையும் தெரியாது, மெஷினும் தெரியாது. அதற்குத் தெரிந்தது கிராம் கணக்கு மட்டுமே.

'பீர் குடிச்சா கிட்னி கல்லு கரையும்' என்பார்கள். கரையாது. சிறுநீர்தான் கூடுதலாகப் போகும். பிறகு உடம்பில் நீர் வற்றும். யூரிக் அமிலமும் ஏறும். மூட்டுவாதம் (கௌட்) உள்ளவர்களுக்கு பீர் ஆகவே ஆகாது. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் குடித்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கர்ப்பிணிகள் ஒரு சொட்டுகூடத் தொடக்கூடாது. மதுவைப் புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் 1988-லேயே சேர்த்தாகிவிட்டது. 'பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை' என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது.

வீட்டில் என்ன செய்யலாம்?

* 'என்ன பிராண்டு?' என்று கேட்காதீர்கள். 'எத்தனை சதவீதம், எத்தனை பாட்டில், வாரத்தில் எத்தனை நாள்?' என்று கேளுங்கள். சண்டையாக அல்ல, சாதாரணமாக.

* தினமும் நிறையக் குடிப்பவரை 'இன்னிக்கே நிறுத்து' என்று கட்டாயப்படுத்தாதீர்கள். சட்டென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்புகூட வரலாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். மருந்து கொடுத்து, பார்த்துக்கொண்டே நிறுத்த வைப்பார்கள்.

* காலையில் கை நடுங்குகிறதா? இழை பிடிக்கிற கைக்கு அது பிழைப்புப் பிரச்னை. 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

பட்டு வாங்கும்போது சில்க் மார்க் இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கிறோம். பீர் பாட்டிலில் பார்க்க வேண்டியது குரங்குப் படத்தை அல்ல. ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அந்தச் சதவீதத்தை!