ஐப்பசி மழையோடு வரும் விருந்தாளிகள்

ஐப்பசி பிறந்து, வடகிழக்குப் பருவமழை இரண்டு மூன்று முறை கனத்துப் பெய்துவிட்டால், சேர்வராயன் மலையடிவாரம் முதல் காவிரிக்கரை வரையுள்ள நம் சமவெளியின் முகமே மாறிவிடுகிறது. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த ஏரிகளில் நீர் தேங்குகிறது. கடலைக்கொடி பிடுங்கிய காடுகளில் புல் துளிர்க்கிறது. ஈசலும் தும்பியும் எங்கும் பறக்கின்றன. இந்த நாட்களில்தான், நம்மில் பலர் கவனிப்பதே இல்லையென்றாலும், ஆயிரக்கணக்கான விருந்தாளிகள் நம் ஊர்களில் வந்து இறங்குகிறார்கள். அவர்களை யார் யார் என்று அறிந்து வைத்துக்கொண்டால், பள்ளிக்கு நடந்து வரும் பாதையே நமக்கு ஒரு பாடப்புத்தகமாகிவிடும்.

முதலில் வருபவர்களுள் ஒன்று வாலாட்டிக் குருவி. சாம்பல் வாலாட்டி இமயமலை ஓடைகளின் ஓரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டம்பர் மாதத்திலேயே ஏற்காட்டு ஓடைகளுக்கு வந்துவிடுகிறது. அதன் உறவினரான மஞ்சள் வாலாட்டி ஈரமான மேய்ச்சல் நிலங்களை நாடும்; மாடுகளின் காலடியில் எழும் பூச்சிகளை ஓடி ஓடிப் பிடிக்கும். ஆனால் கறுப்பும் வெள்ளையுமாய், கண்ணுக்குமேல் வெண்புருவம் தீட்டிக்கொண்டு, வீட்டு மாடியில் இனிமையாகச் சீழ்க்கை அடிக்கும் வாலாட்டியைக் கண்டு “வெளிநாட்டுப் பறவை” என்று சொல்லிவிடாதீர்கள், தோழியரே! அது வெண்புருவ வாலாட்டி. ஆண்டு முழுவதும் நம்மோடு வாழும் உள்ளூர்க்காரர்.

மின்கம்பிகளில் வரிசையாக அமர்ந்து, பிளவுபட்ட வாலோடு காட்சி தருபவை தகைவிலான்கள். ஒன்றின் எடை சுமார் 20 கிராம்தான். இவ்வளவு சிறிய உயிர், இமயத்தையும் அதற்கு வடக்கேயுள்ள நாடுகளையும் விட்டு நம் நெல்வயலுக்கு வந்து சேருகிறதென்றால் வியப்பாக இல்லையா? முற்காலத்து ஐரோப்பியர் இதை நம்பவில்லை. குளிர்காலத்தில் தகைவிலான்கள் குளத்துச் சேற்றுக்குள் புதைந்து உறங்குகின்றன என்று கற்றவர்களே எழுதி வைத்தார்கள். 1822ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஒரு நாரை அகப்பட்டது. அதன் கழுத்தில் ஆப்பிரிக்க அம்பு ஒன்று குத்திய நிலையில் இருந்தது. அம்போடு அவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கிறது அந்த நாரை! பறவைகள் கண்டம் விட்டுக் கண்டம் செல்கின்றன என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. பின்னர் 1899இல் டென்மார்க்கைச் சேர்ந்த மார்ட்டென்சன் என்னும் ஆசிரியர், மைனா இனத்துப் பறவைகளின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்கவிட்டார். வளையமிடும் முறை அவ்வாறு தொடங்கியது.

நம் தமிழ்ப் புலவர்களுக்கு இந்தச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. தென்குமரிக்கும் வடதிசைக்கும் இடையே சென்றுவரும் செங்கால் நாரையைத் தூது விட்டவர் சத்திமுத்தப் புலவர். வறுமையில் குளிரால் வாடிய அம்மனிதர், நாரையின் அலகையும் பயணத்தையும் எவ்வளவு கூர்மையாக நோக்கியிருக்கிறார் என்பதுதான் நம்மைக் கவர்கிறது.

சரி, ஏன் வருகின்றன? குளிருக்கு அஞ்சி என்று சொல்வது பாதி உண்மையே. இறகுப் போர்வை இருப்பதால் குளிரைப் பறவை ஓரளவு தாங்கும், பசியைத் தாங்காது. வடநாடுகளில் நீர் உறைந்து, பூச்சி மடிந்து, பகல் சுருங்கிவிடுகிறது. அந்தப் பகலின் சுருக்கமே அவற்றின் உடலுக்கு மணி அடிக்கிறது. புறப்படுமுன் வயிறாரத் தின்று, உடலில் கொழுப்பைச் சேமித்துக்கொள்கின்றன. அதுவே வழிக்கட்டுச் சோறு. சிறு பறவைகள் பெரும்பாலும் இரவில் பறக்கின்றன. சூரியன், விண்மீன், பூமியின் காந்தப்புலம் ஆகிய மூன்றும் அவற்றுக்கு வழிகாட்டிகள். வரித்தலை வாத்து இமயமலையைக் கடக்கும்போது 7,000 மீட்டருக்கும் மேலே பறந்ததைச் செயற்கைக்கோள் கருவி மூலம் பதிவு செய்திருக்கிறார்கள். நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்துக்கு ஆண்டுதோறும் வருவது இந்த வாத்துதான்.

இனி நம் ஏரிகளுக்கு வருவோம். சேலம் கன்னங்குறிச்சியை ஒட்டியுள்ள மூக்கனேரியை அறியாதவர் நம்மில் குறைவு. கழிவும் குப்பையும் சேர்ந்து கெட்டுக் கிடந்த அவ்வேரியை, 2010ஆம் ஆண்டு ஊர்மக்கள் ஒன்றுகூடித் தூர் வாரினார்கள். வாரிய மண்ணைக் கொண்டே ஏரிக்குள் சிறு சிறு தீவுகள் அமைத்து மரம் நட்டார்கள். நாய்க்கும் மனிதருக்கும் எட்டாத அந்தத் தீவுகளில் இன்று கொக்கும் நீர்க்காகமும் வக்காவும் அடைகின்றன. ஏரியை ஆழப்படுத்தினால் மட்டும் போதும் என்று எண்ணுவோர் இதைப் பார்க்க வேண்டும்.

ஏனெனில் ஏரியில் எந்தப் பறவை வரும் என்பதைத் தீர்மானிப்பது நீரின் ஆழமே. கால் நீளமும் அலகு நீளமும் எவ்வளவோ அவ்வளவு ஆழத்தில்தான் ஒரு பறவை இரை தேட முடியும். சேறும் சகதியுமான கரையில் உள்ளான்கள் குத்திக் குத்திப் புழு தேடும். முழங்கால் அளவு நீரில் பவளக்கால் உள்ளான் நடக்கும். அதற்கு அப்பால் மஞ்சள்மூக்கு நாரை, அலகைத் திறந்தபடி நீருக்குள் துழாவும். மீன் பட்டதும் அலகு சட்டென்று மூடிக்கொள்ளும். நத்தைக்குத்தி நாரைக்கு அலகு இரண்டும் நடுவில் சேராமல் இடைவெளி இருக்கும். நத்தையின் சதையை ஓட்டிலிருந்து பிரித்தெடுக்க அமைந்த கருவி அது. ஆழமான நடுநீரில் முக்குளிப்பானும் நீர்க்காகமும் மூழ்கி எழும். கூழைக்கடா கூட்டமாக நீந்தி மீன்களை ஒரு பக்கமாக ஓட்டி அள்ளும். ஆகையால் ஏரியைத் தொட்டிபோல் நான்கு பக்கமும் செங்குத்தாக வெட்டிக் கல் பதித்துவிட்டால், நீர் நிறைய நிற்கும். பறவைகளில் பாதி வராது. சரிந்து இறங்கும் சேற்றுக்கரை அழகாக இல்லை என்று நமக்குத் தோன்றலாம். அதுதான் அவற்றின் சாப்பாட்டு மேசை.

மேட்டூர் அணையிலும் இதே கதைதான். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. நீர் ததும்பும் ஆண்டில் கரையோரப் பறவைகளுக்கு அங்கே கால் ஊன்ற இடமிருக்காது. நீர் வெகுவாக இறங்கும் ஆண்டில், பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடந்த பழைய தேவாலயத்தின் கோபுரமும் நந்தி சிலையும் வெளியே தெரியும். விரிந்த சேற்றுநிலத்தில் பறவைகளும் இறங்கும். உழவருக்குக் கவலை தரும் காட்சி சில பறவைகளுக்கு விருந்தாக அமைவதை என்னென்பது!

நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, ஆண்டி வாத்து ஆகிய வலசை வாத்துகள் நவம்பர் முதல் ஏரிகளில் சேரத் தொடங்கும். தொடக்கத்தில் இவற்றை இனங்காண்பது கடினம். ஆண் நீலச்சிறகி வரும்போது பேடையைப் போலவே மங்கிய பழுப்பு உடையில் இருக்கும். புருவத்தில் அகன்ற வெள்ளைக் கோட்டோடு அது மாப்பிள்ளைக் கோலம் பூணுவது தை, மாசியில்தான். அதுவரை சிறகைப் பார்க்க வேண்டும்: பறக்கும்போது தெரியும் வெளிர்நீலமே அதன் பெயருக்குக் காரணம். உடல் கறுத்து, நெற்றியில் மட்டும் வெள்ளை நாமம் இட்டதுபோல் நீந்துவது நாமக்கோழி. நாமக்கல் மாவட்டத்துக்குப் பெயர்ப் பொருத்தம் பாருங்கள்! வாத்துபோல் தோன்றினாலும் அது வாத்தினம் அன்று. விரல்களுக்கிடையே முழுச் சவ்வு கிடையாது, விரல் ஓரங்களில் மடல்கள் உண்டு.

பரமத்திவேலூர், மோகனூர்ப் பக்கம் காவிரிக்கரையில் நின்றால் வேறு வகைப் பறவைகளைக் காணலாம். நீருக்குமேல் தாழப் பறந்து மீனைக் கண்டதும் தலைகீழாக விழும் ஆற்று ஆலா, ஓரிடத்தில் சிறகடித்து நின்று பாயும் கறுப்புவெள்ளை மீன்கொத்தி ஆகியவை இங்கேயே வாழ்பவை. குளிர்காலத்தில் விரால் அடிப்பான் என்னும் கழுகினம் வந்து, நகங்களை நீட்டி நீரில் பாய்ந்து மீனோடு எழும். இதை நேரில் கண்டவர்கள் பல நாள் பேசிக்கொண்டிருப்பார்கள்.

வயல்வெளியில் சோளம் கதிர் முற்றும் நேரத்தில் சூறைக்குருவிகள் கூட்டங்கூட்டமாக இறங்குகின்றன. இளஞ்சிவப்பு உடலும் கறுத்த தலையும் சிறகும் கொண்ட இவற்றைச் சோளப்பட்சி என்றும் சொல்வார்கள். விவசாயி கவண் கல்லோடு விரட்டுவது நியாயமே. ஆனால் மத்திய ஆசியாவின் புல்வெளிகளில் இதே பறவை வெட்டுக்கிளிகளைத் தின்று குவிக்கிறது. அங்கே நண்பன், இங்கே திருடன்! நல்ல பறவை, கெட்ட பறவை என்று பட்டம் சூட்டுவதில் நாம் அவசரப்படக் கூடாது என்பது எங்கள் கருத்து.

வீட்டுத் தோட்டத்துக்கு வரும் விருந்தாளிகளில் அழகு மிக்கது ஆறுமணிக் குருவி. பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று பல வண்ணம் பூசிய குட்டை வால் பறவை இது. விடியற்காலையிலும் அந்தியிலும் இரட்டைக் குரலில் சீழ்க்கை அடிப்பதால் இப்பெயர். இமயமலை அடிவாரத்திலும் நடுவிந்தியாவிலும் கூடு கட்டி, இரவோடு இரவாகப் பறந்து ஐப்பசி வாக்கில் நம் பக்கம் வருகிறது. களைத்துப்போய் நகரத்து வீடுகளின் முற்றத்திலும் குளியலறையிலும்கூட விழுந்து கிடப்பதுண்டு. அப்படிக் கண்டால் கூண்டில் அடைக்கவும் வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். காற்றுப்புகும் அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டாகவும் அமைதியாகவும் விட்டு, தெளிந்ததும் மரநிழலில் திறந்துவிட்டால் பெரும்பாலும் அதுவே தன் வழி போய்விடும். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

பறவைகளுக்கு உணவு வைப்பதைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. குளிர்நாடுகளில் பனி மூடி இரை மறைந்துவிடுவதால், தோட்டத்தில் தானியத்தட்டு தொங்கவிடுகிறார்கள். காக்கைக்குச் சோறு வைப்பதும், சிட்டுக்குருவிக்காக இறவாணத்தில் நெற்கதிர்க் கொத்து கட்டுவதும் நம் பாட்டிமார் வழக்கம். ஆனால் நம் மழைக்காலத்தில் இரைப் பஞ்சம் இல்லை. மேலும் வலசை வரும் சிறு பறவைகள் பெரும்பாலும் பூச்சி தின்பவை. அரிசியும் பிஸ்கட்டும் வைத்தால் காக்கையும் புறாவும்தான் வரும். அவற்றைவிட இரண்டு விரல் ஆழத்தில் தண்ணீர் வைத்த மண்சட்டியும், மருந்தடிக்காத ஒரு செம்பருத்திப் புதரும், ஒரு முருங்கை மரமும் மேல். முருங்கைப் பூவுக்குத் தேன்சிட்டு வரும். புதரில் தையல்சிட்டு இலையைத் தைக்கும். அடியில் குவிந்த சருகைக் கிளறி ஆறுமணிக் குருவி புழு தேடும். சட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்ற வேண்டும். தவறினால் கொசுவும் நோயும் சேரும்.

நோய் என்றதும், நம் பெற்றோரில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களின் நெற்றி சுருங்கும். 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் இந்தியாவின் முதல் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. 2014இலும் 2021இலும் அண்டை மாநிலமான கேரளத்து வாத்துகளில் அது பரவியபோது, நாமக்கல் பண்ணைகள் எவ்வளவு பதறின என்பது வீட்டிலேயே கேட்டறிந்த செய்தி. காட்டு வாத்துகளின் உடலில் இந்நோயின் கிருமிகள் இயல்பாக இருப்பது உண்மை. அவற்றின் எச்சம் கலந்த நீர் மூலம் கோழிகளுக்கு வரக்கூடும் என்பதும் உண்மை. அதற்காக ஏரியில் இறங்கும் பறவையை விரட்டுவதால் பயன் இல்லை. விரட்டினால் அது அடுத்த ஏரிக்குத்தான் போகும். நோய் பண்ணைக்குப் பண்ணை தாவுவது பெரும்பாலும் வண்டிச் சக்கரத்திலும், முட்டை அட்டையிலும், மனிதர் செருப்பிலும், விற்றுவாங்கும் கோழியிலும். பண்ணையைச் சுற்றி வலை, வாசலில் கிருமிநாசினித் தொட்டி, ஏரித் தண்ணீரை அப்படியே கோழிக்குக் காட்டாமை, சிந்திய தீவனத்தை உடனே கூட்டி அள்ளுதல் ஆகியவையே காவல். செத்துக் கிடக்கும் நீர்ப்பறவையைக் கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிப்பது மாணவியரான நம்மாலும் ஆகும் காரியம்.

ஐப்பசியில் தீபாவளியும் வருகிறது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாயில் அடையும் பறவைகள் மிரளுமென்று பல ஆண்டுகளாக வெடி வெடிப்பதில்லை. நமக்கு அருகே, ஈரோட்டை அடுத்த வெள்ளோடு சரணாலயத்தைச் சுற்றிய கிராமங்களிலும் அவ்வழக்கம் உண்டு. அங்குள்ள குழந்தைகள் மத்தாப்போடு நின்றுவிடுகிறார்கள்!

பார்க்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள். காலை 6 முதல் 8 மணி வரை நல்ல நேரம். சூரியன் முதுகுப்பக்கம் இருக்குமாறு கரையில் நிற்க வேண்டும். பளிச்சென்ற உடை வேண்டாம், பேச்சும் வேண்டாம் (இதுதான் நம் வகுப்புக்குக் கடினம்!). நோட்டுப்புத்தகத்தில் நாள், நேரம், இடம், நீர்மட்டம், எத்தனை பறவை என்று எழுதி வர வேண்டும். பெயர் தெரியாவிட்டால் அலகு, கால், வால் ஆகியவற்றைப் படமாகக் கிறுக்கிக்கொண்டால் போதும். இந்தியப் பறவையியலின் தந்தை எனப்படும் சாலிம் அலி, சிறுவனாக இருந்தபோது தொண்டையில் மஞ்சள் தீற்றிய ஒரு குருவியின் பெயர் தெரியாமல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அந்தக் கேள்வியே அவருடைய வாழ்க்கையாயிற்று. அவர் பிறந்த நவம்பர் 12 பறவை நோக்கர்களுக்குத் திருநாள்.

ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 1987 முதல் நடைபெறும் பணி அது. 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். வீட்டு மொட்டை மாடியில் கால்மணி நேரம் நின்று எண்ணினாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஐப்பசியிலிருந்து எழுதிய நோட்டு கையில் இருந்தால், பொங்கலன்று எந்த வாத்து புதியது, எது முன்பே வந்தது என்று நாமே சொல்லிவிடலாம். பங்குனி வெயில் ஏறும்போது மின்கம்பியில் தகைவிலான்களின் வரிசை நாளுக்கு நாள் குறையும். அந்தத் தேதியையும் மறக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும்.