கப்பல் தலைவருக்கு வயது 36?

இன்றிரவு உங்கள் பிள்ளையிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன. கப்பல் தலைவரின் வயது என்ன?"

"36" என்று பதில் வந்தால் சிரித்துவிடாதீர்கள். 1980ஆம் ஆண்டுவாக்கில் பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் இதைப் போன்ற கேள்வி ஒன்றைத் தொடக்கப்பள்ளி மாணவர்கள் 97 பேரிடம் கொடுத்தார்கள். அவர்களில் 76 பேர் கேள்வியில் இருந்த எண்களைக் கொண்டே ஒரு வயதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கூட்டத் தெரியும். ஆனால், பிரச்சனைக் கணக்கு என்றால் எண்களைப் பொறுக்கியெடுத்து ஏதாவது ஒன்று செய்வதுதான் என்று எங்கேயோ பழகியிருக்கிறார்கள்.

எங்கே பழகினார்கள்? நம்மிடம்தான். நான் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் போதிப்பவள். பணியில் சேர்ந்த புதிதில் சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குப் பிரத்தியேக வகுப்பும் நடத்தினேன். வகுப்புச் சுவரில் ஓர் அட்டவணை தொங்கும். 'மொத்தம்' என்றால் கூட்டு, 'மீதம்' என்றால் கழி, 'ஒவ்வொரு' என்றால் பெருக்கு, 'சமமாக' என்றால் வகு. பெற்றோர்களுக்கு அந்த அட்டவணை மிகவும் பிடித்திருந்தது. படம் பிடித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

அதன் விளைவை என் அக்காள் மகளிடம் பார்த்தேன். ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். வாய்பாடு தலைகீழ்ப் பாடம். ஆனால் பிரச்சனைக் கணக்கில் மட்டும் சிவப்பு மை. ஒரு மாலை, கணக்குப் புத்தகத்தைப் பள்ளிப்பையின் அடியில் ஒளித்துவைத்திருந்தாள். எடுத்துப் பார்த்தேன்.

"சீலனிடம் 45 ஸ்டிக்கர்கள் உள்ளன. இது மீனாவிடம் உள்ளதைவிட 12 அதிகம். இருவரிடமும் மொத்தம் எத்தனை?"

அவள் 45உடன் 12ஐக் கூட்டி 57 என்று எழுதி, அதோடு மறுபடியும் 45ஐச் சேர்த்து 102 என்று முடித்திருந்தாள்.

"சித்தி, 'அதிகம்'னு போட்டிருக்கே, கூட்டணும்தானே?"

"யாருகிட்ட அதிகம்?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சீலன்கிட்ட... அப்போ மீனாகிட்ட 33தான்!" என்றாள். 45உம் 33உம் சேர்த்து 78. கணக்கு அவளுக்குத் தெரியாமலில்லை. நான் தொங்கவிட்ட அட்டவணையைப் போல ஒன்று அவள் வகுப்பிலும் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. 1995இல் மேரி ஹெகார்ட்டி, ரிச்சர்ட் மேயர், கிறிஸ்டோபர் மோங்க் ஆகியோர் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கல்லூரி மாணவர்களிடம் இத்தகைய கணக்குகளைக் கொடுத்து அவர்களின் கண் அசைவைப் பதிவு செய்தார்கள். தவறு செய்தவர்களின் பார்வை எண்களுக்கும் 'அதிகம்', 'குறைவு' போன்ற சொற்களுக்கும் திரும்பத் திரும்பப் போனது. சரியாகச் செய்தவர்களோ எந்தப் பொருளைப் பற்றிய பேச்சு என்பதையும் திரும்பிப் பார்த்தார்கள்.

நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னொரு கவனமும் வேண்டும். தமிழில் கணக்கின் உயிர் பல நேரங்களில் ஒரு சின்ன விகுதியில் இருக்கிறது. 80 ரிங்கிட் காலணியின் விலை "30 ரிங்கிட் குறைந்தது" என்றால் புதிய விலை 50. "30 ரிங்கிட்டுக்குக் குறைந்தது" என்றால் புதிய விலை 30. வித்தியாசம் ஒரே ஒரு 'உக்கு'. எண்ணை மட்டும் தேடும் கண்ணுக்கு அது படவே படாது. கணக்கு ஆசிரியருக்கும் தமிழ் ஆசிரியருக்கும் இடையில் நாம் போட்டு வைத்திருக்கும் வேலி இந்த இடத்தில் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்கிறது என்பது என் கருத்து.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? முதலில், கணக்கிலுள்ள எண்களை விரலாலோ தாளாலோ மறைத்துவிட்டுக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். "சீலன்கிட்ட கொஞ்சம் ஸ்டிக்கர் இருக்கு, மீனாகிட்ட அதைவிடக் குறைவா இருக்கு" என்று சொந்த வார்த்தையில் சொல்லிவிட்டாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. சொல்ல முடியவில்லையா? இன்னும் பென்சிலைத் தொடவேண்டாம்.

அடுத்தது படம். 1980களில் சிங்கப்பூரில் கோ தெக் ஹொங் தலைமையிலான பாடத்திட்டக் குழு பட்டைப் படம் வரைந்து கணக்குச் செய்யும் முறையைத் தொடக்கப்பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. இன்று பல நாடுகளில் அது புழக்கத்தில் இருக்கிறது. அதற்குத் தேவை ஒரு தாளும் பென்சிலும்தான்.

இந்தக் கணக்கைப் பாருங்கள். "அம்மா தம்மிடமிருந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் காய்கறி வாங்கினார். மீதத்தில் பாதிக்கு மீன் வாங்கினார். 24 ரிங்கிட் எஞ்சியது. முதலில் எவ்வளவு இருந்தது?"

என் அக்காள் மகள் மூன்றில் ஒன்றையும் இரண்டில் ஒன்றையும் கூட்டினாள். ஆறில் ஐந்து வந்தது. மீதம் ஆறில் ஒன்று, அது 24. ஆகவே 144 என்றாள். பின்னம் கூட்டியதில் ஒரு பிழையும் இல்லை!

ஒரு நீளப் பட்டை வரையச் சொன்னேன். அதை மூன்று சம கட்டங்களாகப் பிரித்தாள். ஒரு கட்டம் காய்கறிக்கு. மிஞ்சியது இரண்டு கட்டம். அதில் பாதி, அதாவது ஒரு கட்டம், மீனுக்கு. எஞ்சிய ஒரு கட்டம்தான் 24. "மூணு கட்டம்... 72!" பின்னக் கூட்டலே தேவைப்படவில்லை. 'மீதத்தில்' என்ற சொல்லை அவள் அப்போதுதான் உண்மையில் படித்தாள்.

கடைசியாக, விடையைக் கதைக்குள் திருப்பிப் போட்டுப் பார்ப்பது. கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945இல் வெளியிட்ட நூலில் சொன்ன நான்கு படிகளில் நான்காவது இதுதான். புரிந்துகொள், திட்டமிடு, செய், திரும்பிப் பார். நம் பிள்ளைகள் பெரும்பாலும் மூன்றாவது படியில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். 144 ரிங்கிட்டில் காய்கறிக்கு 48 போனால் மீதம் 96. அதில் பாதி மீனுக்கு. கையில் 48 இருக்க வேண்டும், ஆனால் கணக்கில் 24தானே இருக்கிறது? இதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்போது முகத்தில் தெரியும் வியப்பைப் பாருங்கள். சிவப்பு மையால் அதைக் கொண்டுவர முடியாது.

இத்தனையும் செய்ய நேரம் பிடிக்கும், மறுக்கவில்லை. ஒரு மாலைக்கு இரண்டு கணக்கு போதும். பத்துக் கணக்கு வேண்டாம்.

போன சோதனையில் என் அக்காள் மகளால் கடைசி இரண்டு கணக்குகளைத் தொட முடியவில்லை. படம் வரைந்துகொண்டிருந்தாளாம். செய்த மற்ற எல்லாம் சரி. அக்காளுக்கு வருத்தம்தான், "வேகமா செய்யச் சொல்லு" என்கிறார். நான் இன்னும் சொல்லவில்லை. கணக்குப் புத்தகம் இப்போது பையின் அடியில் இல்லை, சாப்பாட்டு மேசைமேல் கிடக்கிறது.