போலீஸ் ஸ்டேஷன் சிசிடிவி காட்சியை நாம கேட்கலாமா? சட்டம் என்ன சொல்லுது?

ராத்திரி 9 மணி. "சின்ன விசாரணைதான், வந்துட்டு போகட்டும்" என்று சொல்லி உங்கள் தம்பியை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போகிறார்கள். மறுநாள் காலையில் கையில் கட்டோடு வீட்டுக்கு வருகிறார். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார்" என்கிறது ஸ்டேஷன் தரப்பு. "அடிச்சாங்க" என்கிறார் தம்பி. எது உண்மை?

சின்ன ஊராக இருந்தால் ஸ்டேஷன் வாசலில் தெரிந்தவர் நாலு பேராவது இருப்பார்கள். சென்னை மாதிரி பெருநகரத்தில் இன்ஸ்பெக்டர் யார் என்றே பலருக்குத் தெரியாது. அங்கே இருக்கும் ஒரே பொதுவான சாட்சி, சுவரில் மாட்டியிருக்கும் கேமராதான். அந்தச் சாட்சி யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

சாத்தான்குளத்தில் என்ன ஆச்சு?

2020 ஜூன் 19-ம் தேதி, தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் செல்போன் கடை நடத்திய தந்தையும் மகனும் போலீஸாரால் அழைத்துச் செல்லப்பட்டார்கள். சில நாட்களில் இருவருமே உயிரிழந்தார்கள்.

உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் ஸ்டேஷனுக்கு நேரில் போன மாஜிஸ்திரேட், சிசிடிவி பதிவைத் தேடினார். கேமரா இருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் 1 டெராபைட் இடமும் இருந்தது. ஆனால், தினமும் பதிவு தானாகவே அழிந்துபோகும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்ததாக அவர் அறிக்கை கொடுத்தார். கேமரா இருந்தும், சம்பவம் நடந்த ராத்திரியின் காட்சி இல்லை.

உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன?

அதே ஆண்டு டிசம்பர் 2-ம் தேதி, பஞ்சாபைச் சேர்ந்த பரம்வீர் சிங் சைனி தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கிய உத்தரவைப் பிறப்பித்தது. நாட்டில் உள்ள எல்லா போலீஸ் ஸ்டேஷனுக்கும் இது பொருந்தும். அதன் முக்கிய அம்சங்கள்:

• வாசல், லாக்கப், வராண்டா, வரவேற்பு இடம், இன்ஸ்பெக்டர் அறை, எஸ்.ஐ. அறை, ஸ்டேஷனின் பின்பக்கம் என ஓர் இடம்கூட விடுபடக் கூடாது. கழிவறைக்கு உள்ளே கூடாது, வெளியே கேமரா வேண்டும்.
• இருட்டிலும் பதிவாக வேண்டும். காட்சியோடு பேச்சும் பதிவாக வேண்டும்.
• பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அந்த வசதி உள்ள கருவி கிடைக்காவிட்டால்கூட ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது.
• கேமரா வேலை செய்வதற்கு ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியே பொறுப்பு. பழுதானால் மாவட்ட கண்காணிப்புக் குழுவுக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.
• கேமரா இருப்பதையும், மனித உரிமை மீறல் நடந்தால் எங்கே புகார் கொடுக்கலாம் என்பதையும் ஆங்கிலம், இந்தி, உள்ளூர் மொழியில் போர்டு வைத்துச் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை ஸ்டேஷனுக்குப் போனால் அந்த போர்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்போ காட்சியை கையில கொடுப்பாங்களா?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். 'பென் டிரைவ்ல போட்டுக் கொடுங்க' என்று கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று உத்தரவு சொல்லவில்லை. அது தருகிற உரிமை வேறு: மனித உரிமை மீறல் நடந்திருந்தால், அந்தப் பதிவை அழியாமல் பத்திரப்படுத்தச் சொல்லும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு.

பார்க்கப்போனால் இதுதான் முதலில் தேவை. பதிவு பத்திரமாக இருந்தால் நாளைக்கு நீதிமன்றம் வரவழைத்துப் பார்க்கலாம். அழிந்துவிட்டால் எந்த நீதிபதி கேட்டாலும் கிடைக்காது. அதனால், '18 மாதம் இருக்கும்ல' என்று நினைத்து சும்மா இருக்காதீர்கள். சம்பவம் தெரிந்த அன்றைக்கே எழுதிக் கொடுங்கள்.

யாருக்கு, எப்படி எழுதணும்?

மனுவில் நான்கு விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும்: ஸ்டேஷன் பெயர், தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ஸ்டேஷனின் எந்தப் பகுதி. 'இந்த நேரத்துப் பதிவைப் பத்திரப்படுத்த வேண்டும்' என்று ஒரே வரியில் கேளுங்கள். மனு கொடுத்ததற்கான ரசீதோ, பதிவுத் தபால் ரசீதோ கட்டாயம் கையில் இருக்கட்டும்.

1. போலீஸ் உயரதிகாரி: மாவட்டங்களில் எஸ்.பி. சென்னை, தாம்பரம், ஆவடி போன்ற மாநகரங்களில் துணை கமிஷனர் அல்லது கமிஷனர்.

2. மாநில மனித உரிமை ஆணையம்: சென்னை கிரீன்வேஸ் சாலையில் இருக்கிறது. சம்பவம் நடந்த ஒரு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். பலத்த காயமோ காவல் மரணமோ நடந்தால், ஆணையமும் மனித உரிமை நீதிமன்றமும் சிசிடிவி பதிவை உடனே வரவழைத்துப் பாதுகாக்கலாம்.

3. மாஜிஸ்திரேட்: கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் ஆஜர்படுத்தியாக வேண்டும். அடிபட்டிருந்தால் அங்கேயே வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சிசிடிவி பதிவைப் பத்திரப்படுத்தும்படி வக்கீல் மூலம் அப்போதே கேட்கலாம்.

ஆளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியலையா? கைதானவர்களின் பெயர், முகவரி, என்ன குற்றச்சாட்டு என்ற விவரத்தை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்கிறது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 37-வது பிரிவு. கைது செய்தால் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்வதும் கட்டாயம்.

சிக்கல் எங்கே இருக்கு?

யார் மேல் புகாரோ, அவர்கள் கையிலேயே ரெக்கார்டரின் சாவியும் இருக்கிறது. இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை இதுதான். கண்காணிப்புக் குழுக்களில் இருப்பதும் பெரும்பாலும் அரசு அதிகாரிகளே.

உத்தரவு வந்து ஐந்து ஆண்டு நெருங்கியபோதும் நிலைமை சரியாகவில்லை. ராஜஸ்தானில் 8 மாதங்களில் 11 பேர் காவலில் இறந்ததாக ஒரு நாளிதழில் செய்தி வந்தது. அதைப் பார்த்த உச்ச நீதிமன்றம், ஸ்டேஷன்களில் சிசிடிவி சரியாக இயங்காதது குறித்து 2025 செப்டம்பரில் தானாகவே வழக்கு எடுத்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. பொய்ப் புகாரில் சிக்கும் போலீஸ்காரரைக் காப்பாற்றப் போவதும் அதே கேமராதான். நியாயமாக நடந்துகொள்ளும் ஸ்டேஷனுக்கு, பதிவைப் பத்திரப்படுத்துவதில் எந்த நஷ்டமும் இல்லை. 'ரிப்பேர் சார்' என்ற பதில் வந்தால், என்றைக்கு ரிப்பேர் ஆனது, யாருக்கு எழுதித் தெரிவித்தீர்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு பதில் சொல்ல வேண்டியது அவர்களின் கடமை.