அமுக்கரா இலையில் இருந்த தூக்கம்

அமுக்கரா, கத்தரிக் குடும்பத்துச் செடி. வறண்ட மண்ணிலும் இடுப்பளவு வளர்ந்துவிடும். இலையில் மெல்லிய பூனைமுடி; தாள் போன்ற உறைக்குள் சிவப்பாக ஒரு குட்டிப் பழம். நாட்டு மருந்துக் கடையில் அமுக்கரா என்று கேட்டால் கிழங்கைத்தான் எடுத்துத் தருவார்கள். அதன் சூரணத்தை இரவில் பாலில் கலந்து குடித்தால் நன்றாகத் தூக்கம் வரும் என்பது பழைய கைமருந்து. இலைக்கு அந்த மரியாதை இல்லை; வதக்கி வீக்கத்தில் வைத்துக் கட்டுவார்கள்.

ஜப்பானில் சுகுபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கையில் எடுத்தது அந்த இலையைத்தான். அவர்களுடைய ஆய்வு 2017இல் வெளியானது. அமுக்கராவின் குணங்களுக்கெல்லாம் விதனோலைடுகள் என்ற சேர்மங்களே காரணம் என்பது பரவலான எண்ணம். அவை நிறைந்த ஆல்கஹால் சாறு ஒன்று, இலையைத் தண்ணீரில் எடுத்த சாறு ஒன்று என இரண்டையும் சுண்டெலிகளுக்குக் கொடுத்து, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். விதனோலைடு நிறைந்த சாறு தூக்கத்தைக் கூட்டவே இல்லை. தண்ணீர்ச் சாறு கூட்டியது! மூளை அலைகள் நிதானமாகும் ஆழ்ந்த தூக்கம் அது.

அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது? முக்கியமாக, டிரைஎதிலீன் கிளைக்கால் என்ற சின்னஞ்சிறு மூலக்கூறு. இயற்கை எரிவாயுவிலிருந்து ஈரத்தைப் பிரித்தெடுக்கத் தொழிற்சாலைகளில் பயன்படும் அதே திரவம். ஆய்வாளர்கள் அத்தோடு விடவில்லை. செடியோடு சம்பந்தமே இல்லாத, கடையில் விற்கும் டிரைஎதிலீன் கிளைக்காலை வாங்கி எலிகளுக்குக் கொடுத்தார்கள். அளவைக் கூட்டக் கூட்ட ஆழ்ந்த தூக்கமும் கூடியது. அலைகளின் போக்கு இயல்பான உறக்கத்தை ஒத்திருந்தது. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மூலிகையின் குணம் என்று பொதுவாகச் சொல்லிவந்ததை, விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரு மூலக்கூறுவரை கொண்டுவந்துவிட்டார்கள்.

ஆனால் எலிக்குக் கொடுத்தது 10 முதல் 30 மில்லிகிராம். சுண்டெலியின் எடையோ 25 கிராம் அளவுதான். அந்தக் கணக்கில் கிலோவுக்கு 400 மில்லிகிராமுக்குக் குறையாது. இதை நம்பி யாரும் இலையைக் காய்ச்சிக் குடிக்க வேண்டாம்.

மனிதர்களிடம் அமுக்கரா சாற்றைக் கொடுத்து நடந்த 5 சோதனைகளை, மொத்தம் 400 பேர், 2021இல் ஒரு மீளாய்வு சேர்த்துப் பார்த்தது. தூக்கம் மேம்பட்டது, ஆனால் சிறிதளவே. தூக்கமின்மையால் அவதிப்பட்டவர்களுக்கும், தினமும் 600 மில்லிகிராமாவது எடுத்தவர்களுக்கும், 8 வாரமாவது தொடர்ந்தவர்களுக்கும் பலன் கூடுதலாகத் தெரிந்தது. அதே ஆண்டு மத்திய ஆயுஷ் அமைச்சகம், தயாரிப்புகளில் இலையைச் சேர்க்க வேண்டாம், கிழங்கே போதும் என்று நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அமுக்கரா சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. கர்ப்பிணிகளும், தைராய்டு மாத்திரையோ தூக்க மாத்திரையோ எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் கிழங்கைக்கூடத் தொடக் கூடாது.