கடலோரச் சட்டத்தில் கூலிக்காரருக்கு இடம் எங்கே?

நெய்வேலியில் பேருந்து ஏறி வடலூர், குறிஞ்சிப்பாடி கடந்தால் கடலூர், அதற்கப்பால் கடல். மாவட்டத்தின் ஒரு பக்கம் சுரங்கம், மறுபக்கம் கடற்கரை. இரண்டு இடத்திலும் எழுவது ஒரே கேள்விதான்: நிலம் கைமாறும்போது, பட்டா இல்லாமல் அதில் பாடுபட்டவருக்கு என்ன கிடைக்கிறது?

2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் இதற்கு ஏட்டளவிலாவது ஒரு பதில் வைத்திருக்கிறது. சொந்த நிலம் இல்லாவிட்டாலும், கையகப்படுத்துவதற்கு முன் மூன்றாண்டுகள் அங்கே உழைத்துப் பிழைத்த விவசாயக் கூலிக் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பமே என்கிறது அது. கடலோரச் சட்டம் என்ன சொல்கிறது?

கடற்கரை என்றதும் படகும் வலையும் மீனவர் குப்பமும் நினைவுக்கு வரும். குப்பத்துக்கு மேற்கே நெல் வயல் இருக்கிறது, உப்பளம் இருக்கிறது, மேய்ச்சல் புறம்போக்கு இருக்கிறது. அங்கே நாற்று நடுபவர்களிலும் உப்பு வாருபவர்களிலும் தலித் மக்கள் ஏராளம். இவர்களும் கடலோர மக்கள்தாம்.

கடற்கரையில் கட்டடங்கள் பெருகுவதைத் தடுக்கும்படி 1981-இல் பிரதமர் இந்திரா காந்தி மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். 1991 பிப்ரவரி 19 அன்று கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பாணை வந்தது. கடலேற்றத்தின்போது நீர் தொடும் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை அதன் கட்டுப்பாட்டில் வந்தது.

அதே காலத்தில்தான் கீழத்தஞ்சைக் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகின. நெல் வயலை விலைக்கு வாங்கிக் குளம் வெட்டினார்கள். கடல்நீரை மோட்டார் வைத்து ஏற்றினார்கள். உப்பு கசிந்து பக்கத்து வயலுக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் போனது. கழிவு நீர் வாய்க்காலில் கலந்தது. நடவு, களையெடுப்பு, அறுவடை என்று ஊரே வேலை பார்த்த நிலத்துக்கு, தீவனம் போடவும் காவல் காக்கவும் சில ஆட்கள் போதும் என்றானது. நிலம் விற்றவர் கையில் பணம் இருந்தது. நடவுக்குப் போன பெண்ணுக்கு வேலையும் போனது, குடிக்கும் தண்ணீரும் போனது.

இதை எதிர்த்துக் களம் இறங்கியவர்கள் ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதி. கிருஷ்ணம்மாள் அய்யன்கோட்டையில் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு இருவரும் அந்தப் பகுதிக்கு வந்து, நிலமற்றவர்களுக்கு நிலம் பெற்றுத்தரும் பணியில் இறங்கினார்கள். பெற்றுத்தந்த நிலத்தின் அருகே உப்புநீர் வந்தால் சும்மா இருக்க முடியுமா? சத்தியாகிரகம் நடத்தினார்கள். 1994-இல் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார்.

1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது. ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் உள்ள பண்ணைகளை 1997 மார்ச் 31-க்குள் அகற்ற வேண்டும். பாரம்பரிய முறை வளர்ப்புக்குத் தடை இல்லை. விளைநிலம், உப்பளம், கிராமப் பொது நிலம் ஆகியவற்றை இறால் குளமாக மாற்றக்கூடாது. பண்ணை மூடப்படுவதால் வேலை இழக்கும் தொழிலாளருக்குக் கூடுதலாக ஆறாண்டு ஊதியம் தரவேண்டும். மாசுபாட்டால் பாதிக்கப்பட்ட குடும்பங்களைக் கண்டறிந்து இழப்பீடு கணக்கிட வேண்டும். உழைப்பவரையும் கணக்கில் எடுத்த தீர்ப்பு அது.

ஆனால் அது முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. 2005-இல் நாடாளுமன்றம் இயற்றிய கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், மண்டல அறிவிப்பாணையின் தடை இறால் பண்ணைகளைக் கட்டுப்படுத்தாது என்றாக்கிவிட்டது.

இதற்கிடையே 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. நிவாரணக் கணக்கு படகையும் வலையையும் மையமாக வைத்தே எழுதப்பட்டது. உப்பேறிய வயலில் கூலி இழந்த தலித் குடும்பங்கள் பல, பட்டியலுக்கு வெளியே நின்றன. மீனவர் பட்ட துயரம் பெரிது. அவர்கள் பெற்றதைக் குறை சொல்லவில்லை. கூலிக்கான கட்டம் அந்தப் படிவத்தில் இல்லாமல் போனது ஏன் என்றுதான் கேட்கிறோம்.

இப்போது நடப்பில் இருப்பது 2019 அறிவிப்பாணை. மீனவருக்கும் 'பிற உள்ளூர் சமூகங்களுக்கும்' வாழ்வாதாரப் பாதுகாப்பு என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. மீன்பிடிக் கிராமங்களை வரைபடத்தில் குறிக்கவும், மீனவரின் எதிர்கால வீட்டுத் தேவைக்குத் திட்டமிடவும் அது சொல்கிறது. இது சரியே. அந்தப் 'பிற' சமூகங்களின் வீட்டுத் தேவையை யார் திட்டமிடுவது?

ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவில் பாரம்பரியக் கடலோர மக்களின் பிரதிநிதிகள் மூவராவது இடம்பெற வேண்டும். நம் மாவட்டத்தில் அந்த மூவர் யார்? அவர்களில் தலித் ஒருவர் உண்டா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி எவரும் கேட்கலாம். கல்லூரி மாணவர்கள் இதை முதலில் செய்யட்டும். கடலோர ஊராட்சிகளின் கிராம சபையில், தலித் குடியிருப்பும் அதன் குடிநீர்க் கிணறும் மேய்ச்சல் நிலமும் கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். வரைபடத்தில் இல்லாத குடியிருப்பை நாளை எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் தேட முடியாது.