ஊர் வாயும் ஒரு பெயரும்

"பிள்ளை பிடிக்கிறவன் வந்திருக்கிறானாம்!" என்று பக்கத்து வீட்டு மாமி சொல்லிவிட்டால் போதும். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் சரி, வாசலுக்கு ஓடிக் குழந்தையை உள்ளே இழுத்துத் தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் நமக்கு மூச்சு வரும். பெற்ற மனத்துக்கு இந்தப் பயம் இயற்கை. அதைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் பயத்தோடு நாற்பது பேர் தெருவில் கூடினால் என்ன நேரும் என்பதை நாம் யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தாம்பரம் பக்கத்தில் இருப்பவர்கள் இதற்கு உதாரணம் தேடி வெகு தூரம் போக வேண்டாம். 2024 பிப்ரவரியில், பல்லாவரத்தை அடுத்த பம்மலில் நடந்ததே போதும். பிள்ளை பிடிக்கிறவர்கள் திரிவதாக அப்போது ஒரு வதந்தி செல்போனுக்குச் செல்போன் தாவிக்கொண்டிருந்தது. தெருவில் நடந்து போன திருநங்கை ஒருவரைச் சிலர் மறித்து, கம்பத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். போலீஸார் வந்து மீட்டார்கள். அடித்தவர்களில் இருவர் கைதானார்கள். கட்டுண்டவர் எந்தக் குழந்தையையும் கடத்த வந்தவர் அல்ல.

2018 மே மாதத்தில் நடந்தது இதைவிடக் கோரம். சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தார் குலதெய்வம் கோயிலைத் தேடிக் காரில் போனார்கள். திருவண்ணாமலை மாவட்டம், போளூருக்கு அருகே உள்ள அத்திமூரில் வழி விசாரிக்க நிறுத்தினார்கள். அறுபது வயது கடந்த ஓர் அம்மாள், அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். எந்தப் பாட்டிதான் கொடுக்க மாட்டாள்? அந்தச் சாக்லேட்டே அவருக்கு யமனாயிற்று. கூட்டம் திரண்டது. அம்மாள் உயிரிழந்தார், உடன் போனவர்கள் படுகாயம் அடைந்தார்கள். அதே மாதம் பழவேற்காட்டிலும், இருக்க இடமில்லாமல் அலைந்த ஒரு மனிதரை அடித்தே கொன்றார்கள்.

அடித்தவர்கள் எல்லோரும் கொலைகாரப் பரம்பரையா? இல்லையே! வயல் வேலைக்கும் கடைக்கும் போய் வருகிறவர்கள், வீட்டில் பிள்ளை குட்டி உள்ளவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அந்த ஒரு மணி நேரத்தில் என்ன வந்தது?

ஸேலத்தில் ஒரு சூனியம்

இதே கேள்வியை வைத்து அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் ஒரு நாடகம் எழுதினார். 1953-இல் நியூயார்க்கில் அரங்கேறிய அதன் பெயர் 'தி குரூசிபிள்'. தட்டார் பொன் உருக்குகிறாரே, அந்த மூசை என்று பொருள். கதை நடப்பது ஸேலத்தில். நம்முடைய மாம்பழச் சேலம் அல்ல. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் பகுதியில் உள்ள ஸேலம். காலம் 1692.

அங்கே குடியேறியிருந்தவர்கள் பியூரிட்டன்கள் என்ற, கட்டுப்பாடு மிகுந்த கிறிஸ்துவப் பிரிவினர். பாதிரியார் வீட்டிலே 9 வயது மகளுக்கும் 11 வயது உறவுப் பெண்ணுக்கும் திடீரென்று வலிப்பு மாதிரி வந்தது, அலறினார்கள், நெளிந்தார்கள். மற்றப் பெண்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. "யார் வைத்த சூனியம்?" என்று பெரியவர்கள் குடைந்தார்கள். குழந்தைகளின் வாயிலிருந்து முதலில் வந்தவை மூன்று பெயர்கள். ஒருத்தி பிச்சை எடுத்துப் பிழைத்தவள். ஒருத்தி கோயில் பக்கம் வராத நோயாளிக் கிழவி. மூன்றாமவள் அந்த வீட்டு அடிமைப் பெண்.

கவனித்தீர்களா, சகோதரிகளே? வதந்தி முதலில் தேடிப் பிடிப்பது கேட்பார் இல்லாதவர்களைத்தான். பழவேற்காட்டில் வீடற்றவர், பம்மலில் திருநங்கை, அத்திமூரில் அறிந்த முகம் ஒன்றும் இல்லாத வெளியூர்க்காரர்கள். முந்நூறு வருஷம் கடந்தும் அதன் குணம் மாறவில்லை.

ஆனால் அது ஏழைகளோடு நிற்பதில்லை. ரெபெக்கா நர்ஸ் என்ற 71 வயது மூதாட்டி, ஊரே மதித்த பக்திமான். அவர் மீதும் பழி விழுந்தது. அக்கம்பக்கத்தார் 39 பேர் அவருக்காக மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். ஜூரிகள் முதலில் "குற்றமற்றவர்" என்றே தீர்ப்புச் சொன்னார்கள். உடனே கோர்ட்டில் இருந்த பெண்கள் கூச்சல் கிளப்பினார்கள். நீதிபதிகள் மறுபடி யோசிக்கச் சொன்னார்கள், தீர்ப்பு மாறியது, அந்த மூதாட்டியைத் தூக்கிலிட்டார்கள். அந்த வருஷத்தில் தூக்கில் தொங்கியவர்கள் 19 பேர். ஒரு கிழவரைப் பாறாங்கல்லை ஏற்றி நசுக்கியே கொன்றார்கள்.

இதிலே விபரீதம் என்னவென்றால், "ஆமாம், நான் சூனியக்காரிதான்" என்று ஒப்புக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். சத்தியத்தைச் சொன்னவர்களே தூக்குமேடை ஏறினார்கள்!

மில்லரின் நாடகத்தில் ஜான் பிராக்டர் என்ற குடியானவனுக்கு வருகிற சோதனை இதுதான். அவன் அப்பழுக்கற்றவன் அல்ல. வேலைக்காரப் பெண்ணிடம் தவறிப்போனவன். அவளுடைய வஞ்சத்தால் அவன் குடும்பமே சிக்குகிறது. உயிர் பிழைக்கப் பொய் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறான். அதைக் கோயில் கதவில் ஒட்டுவார்கள் என்று தெரிந்ததும் அவன் மனம் துடிக்கிறது. இருப்பது ஒரே ஒரு பெயர். அதையும் விற்றுவிட்டுப் பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பது? காகிதத்தைக் கிழித்தெறிந்துவிட்டுச் சாவை நோக்கி நடக்கிறான்.

மில்லர் இதை எழுதிய சமயம், அமெரிக்காவில் கம்யூனிஸ்டு என்று யாரையாவது காட்டிக்கொடுக்கும்படி நெருக்கிய காலம். 1956-இல் அவரையும் கூப்பிட்டு, தெரிந்தவர்களின் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். அவர் மறுத்தார். 1957-இல் அவர் மீது குற்றம் தீர்ப்பாகி, 1958-இல் மேல் கோர்ட்டில் தள்ளுபடியாயிற்று.

போன பெயர் திரும்புமா?

பொற்கொல்லன் பேச்சைக் கேட்டு, விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொன்னான் பாண்டியன். கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும், அரியணையிலேயே உயிர் துறந்தான். ஸேலத்து நீதிபதிகளில் சாமுவேல் ஸூவல் என்பவர் மட்டும் 1697-இல், தம் பிழையை ஒப்புக்கொண்ட கடிதம் கோயிலில் வாசிக்கப்பட, சபை நடுவே எழுந்து நின்றார். பழி சொன்ன பெண்களில் ஒருத்தி 1706-இல் மன்னிப்புக் கேட்டாள். 1711-இல் பலருடைய பெயர்கள் சட்டப்படி துலக்கப்பட்டன. எலிஸபெத் ஜான்ஸன் என்ற ஒரு பெண்ணுடையது கடைசி வரை விட்டுப்போயிற்று. அவள் தூக்கிலிருந்து தப்பியவள். அவளுக்காக வாதாடச் சந்ததி இல்லை. ஒரு பள்ளி ஆசிரியையும் அவருடைய மாணவர்களும் முயன்று, 2022-இல்தான் அவள் பெயர் சுத்தமாயிற்று. பறிக்க ஒரு நிமிஷம். திருப்பித் தர முந்நூறு வருஷத்துக்கு மேல்!

இக்காலத்தில் அந்த ஒரு நிமிஷமும் வேண்டாம். விரல் பட்டால் போதும். 2018-இல் நம் நாட்டில் சுற்றிய ஒரு வீடியோவில் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறந்தார்கள். அது கராச்சியில் பெற்றோரை எச்சரிக்க எடுத்த விளம்பரப் படம். அவர்களே திரும்பி வந்து குழந்தையை விட்டுவிட்டு, எச்சரிக்கை அட்டையைக் காட்டும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள்! கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்று நம் பாட்டிமார் சொன்னது இதற்கு எவ்வளவு பொருத்தம்! அந்த வருஷம் ஜூலையில், ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்படுத்தப்போவதாக வாட்ஸ்அப் நிறுவனம் அறிவித்தது.

நிறுவனம் போடும் கட்டுப்பாட்டைவிட வீட்டுக்கு வீடு நாம் போட்டுக்கொள்ளும் கட்டுப்பாடு பலமானது. "ஜாக்கிரதை, இந்தப் பெண்ணை நம்பாதீர்கள்" என்று படத்தோடு ஒரு செய்தி அடுக்குமாடிக் குழுவில் வருகிறதா? எந்த ஊர், எந்தத் தேதி, கண்ணால் கண்டவர் யார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது உங்களோடு நிற்கட்டும். உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் போலீஸுக்கு 112, குழந்தைகள் உதவிக்கு 1098. ஆள் பிடிக்கும் வேலை அவர்களுடையது. கம்பமும் கயிறும் நம்முடையவை அல்ல.

தெருவில் கூட்டம் கூடிவிட்டால், "கொஞ்சம் பொறுங்கள், விசாரிப்போம்" என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். ரெபெக்காவுக்காகக் கையெழுத்துப் போட்ட 39 பேரால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. ஆயினும் ஊர் முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்தபோது, அண்டை வீட்டாரின் பெயரைக் காக்கத் தங்கள் பெயரை எழுதிக் கொடுக்க அவர்கள் தயங்கவில்லை. நம் தெருவிலும் அப்படி நாலு பேர் இருந்துவிட்டால், வழி கேட்டு வருகிற பாட்டி கோயிலுக்கும் போய், வீட்டுக்கும் திரும்பி வந்துவிடுவாள்.